தலையைத் தவிர: சாலவாக்கத்து இளைஞர்களுக்கு ஒரு ஹெல்மெட் கையேடு

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதாகை பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். எமதர்மன் வேடம் கட்டிய ஒருவர் பாசக்கயிற்றோடு கூட்டுரோட்டில் நின்று வெறுந்தலையோடு வருகிறவர்களை மறிப்பார். மாட்டிக்கொண்டவர் எமனோடு ஒரு செல்ஃபி எடுப்பார். அதிகாரி நீட்டிய ரோஜாப்பூவை வாங்கிச் சட்டைப் பையில் செருகுவார். பிறகு அதே வெறுந்தலையோடு கிளம்பிப் போவார்.

ஹெல்மெட் போடுவது எப்படி என்று சொல்லித்தர இத்தனை பேர் இருக்கிறார்கள். போடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு மட்டும் ஒழுங்கான கையேடு ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் அண்ணன்மார்களைப் பார்த்தும் ரீல்ஸ் பார்த்தும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலவாக்கத்தையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்ந்த, பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வயது வரையிலான ஸ்கூட்டர் வாசகர்களுக்காக அந்தக் குறையைத் தீர்க்க வருகிறது இந்தக் கையேடு. அப்பா அம்மாவும் படிக்கலாம். பாதிப் பாடம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வண்டி ஓட்டத் தகுதி

உத்திரமேரூர் வட்டத்தில் இருந்துகொண்டு தகுதியைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியுமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921-ஐச் சேர்ந்தது. ஊர் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70-ஐத் தாண்டக் கூடாது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவனுடைய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது.

ஆயிரத்து நூறு வருடத்தில் நாம் எவ்வளவோ எளிமையாக்கிவிட்டோம். இன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்ட ஒரே தகுதிதான்: உட்கார்ந்தால் கால் தரையில் எட்ட வேண்டும். ஒரு கால் எட்டினாலே போதும். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, முறுக்கினால் போகும். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் முறுக்கத் தெரியாத பையனை ஊரில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆக வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு 16 போதும் என்று மாமா ஒருவர் கல்யாண வீட்டில் அடித்துச் சொல்வார். அவர் சொல்வது பாதி சரி. அந்தச் சலுகை 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். உங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கும் ஆக்டிவாவோ டியோவோ ஜூபிடரோ நூறு சிசியைத் தாண்டியவை. மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், கோபித்துக்கொள்வார்.

2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் குற்றவாளி பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்தப் பத்தியை அப்பா கண்ணில் படாமல் மடித்து வைத்துக்கொள்ளவும்.

பதினெட்டு ஆனவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஹெல்மெட்டை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு போட்டு முடித்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு அது வெங்காயம் போட்டு வைக்கத் தேவைப்படும்.

எங்கே மாட்டுவது

ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. இனி அதை எங்கே வைப்பது என்பதுதான் கலை. தலை ஒன்றைத் தவிர எல்லா இடமும் திறந்திருக்கிறது.

முதல் இடம் சைடு மிரர். கண்ணாடித் தண்டில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஹெல்மெட் தலையில் இருக்காது. பின்னால் வரும் டிப்பரும் கண்ணில் படாது. கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டவர்கள் இந்த வசதியை இழந்தவர்கள். பாவம்.

இரண்டாவது முழங்கை. ஹெல்மெட்டின் வாரை முழங்கையில் கோத்துக்கொண்டு ஓட்டினால் பார்க்க ஒரு கெத்து உண்டு. விழும்போது முழங்கை முதலில் தரையில் படுமானால் பலனும் உண்டு. தலை முதலில் பட்டால் முழங்கை மட்டும் நல்லபடியாக வீடு வந்து சேரும்.

மூன்றாவது, முன்பக்கக் கால் வைக்கும் தட்டு. அங்கே ஏற்கெனவே கேஸ் சிலிண்டர், கோழித் தீவனம், தங்கையின் பள்ளிக்கூடப் பை எல்லாம் இருப்பதால் இடம் நெருக்கடி. சீட்டுக்கு அடியில் வைக்கலாமென்றால் அங்கே மழைக் கோட்டும் பழைய துணியும் படுத்திருக்கின்றன. ஆகவே பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கும் இடம் வீடு. பீரோவுக்கு மேலே, போன பொங்கலுக்கு வாங்கிய பானைக்குப் பக்கத்தில், உள்ளே துணி கிளிப்புகளை நிரப்பிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். கிளிப்பு சேர்த்து வைக்க அதைவிட அடக்கமான பாத்திரம் இன்னும் வரவில்லை என்று வீட்டம்மா சொல்வார்.

ஒருவேளை தலையில்தான் வைத்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், வாரைப் பூட்டாமல் வையுங்கள். தாடைக்குக் கீழே இரண்டு வாலும் காற்றில் ஆடட்டும். தூரத்தில் நிற்கும் ஏட்டுக்குப் போட்ட மாதிரி தெரியும். சட்டத்தின் 129-வது பிரிவு வாரால் தலையோடு இறுகப் பூட்டியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது: பூட்டாத ஹெல்மெட் முதல் குலுக்கலிலேயே தனி வழி போய்விடும். தலை தரையைத் தொடும் நேரத்தில் அது நாலடி தள்ளி வரப்பில் உருண்டுகொண்டிருக்கும். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட விழாது. நல்ல விலைக்கு விற்கலாம்.

எதை வாங்குவது

ரோட்டோரத்தில் கயிறு கட்டித் தோரணம் போல் தொங்கவிட்டிருப்பார்களே, அதை. தேர்ந்தெடுக்கும் முறை: நிறம் வண்டிக்கு மேட்சாக இருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கர் மின்னுகிறதா பாருங்கள். உள்ளே மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே பார்த்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. ஹெல்மெட்டில் வேலை செய்கிற உறுப்பு மேல் ஓடு அல்ல. அதற்குள் கெட்டியாகப் பொருத்தியிருக்கும் தெர்மாகோல்தான். அடி விழும்போது அது நசுங்கிக் கொடுக்கிறது. தலை சட்டென்று நிற்காமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்கு மெல்ல அடங்கி நிற்கிறது. மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் மொத்தமே அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். தோரண ஹெல்மெட்டில் தெர்மாகோல் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். கன்னத்துக்குச் சொகுசு.

ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டில் அந்தத் தெர்மாகோல் ஏற்கெனவே நசுங்கிப்போயிருக்கும். மறுபடி உப்பாது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. தம்பிக்குக் கொடுத்துவிடலாம், அவன்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறானே.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு முத்திரை இருக்க வேண்டும். முத்திரையை அச்சடிப்பது ஹெல்மெட் செய்வதைவிடச் சுலபம் என்பதை நம்மூர்த் தொழில்முனைவோர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே பில் கேட்காதீர்கள். பில் கொடுக்கிற கடைக்கே போகாதீர்கள்.

2015-ஐ நினைவில் வைத்திருக்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவையடுத்து, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்றானது. போடாமல் வந்தால் வண்டி ஆவணங்களைப் பறிமுதல் செய்யலாம், ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டையும் வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் திருப்பித் தருவார்கள். கடை வாசல்களில் தீபாவளிக் கூட்டம். விலை ஏறியது, சரக்கு தீர்ந்தது. 2007 ஜூனிலும் இதே கூத்து ஒரு தடவை நடந்து அடங்கியிருந்தது. இரண்டு தடவையும் மக்கள் வாங்கியது போலீஸிடமிருந்து தப்பிக்க ஒரு பொருள். தலைக்கு ஒரு பொருள் வாங்குவதாக யாரும் நினைக்கவில்லை. இந்தக் கையேடு அந்தப் பொன்னான மரபைத்தான் தொடர்கிறது.

இதில் நாம் தனி ஆள் இல்லை. நைஜீரியாவில் 2009 ஜனவரி முதல் தேதி ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது வாடகை பைக் ஓட்டுகிறவர்களில் சிலர் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சிலர் பெயின்ட் டப்பா. போலீஸ் கேட்டது தலையில் ஏதோ ஒன்று; அவர்களும் ஏதோ ஒன்று வைத்தார்கள். நம் தோரண ஹெல்மெட்டைவிடச் சுரைக்குடுக்கை மலிவு, தோட்டத்திலேயே காய்க்கும். வியட்நாமில் வேறு கதை. அங்கே பெரிய ஹெல்மெட்டை சோற்றுப் பானை என்று கேலி செய்துகொண்டிருந்தவர்கள், 2007 டிசம்பர் 15-ல் சட்டம் வந்ததும் அடுத்த சில நாட்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். பெரிய ரோடு, சின்ன ரோடு என்ற பேதமில்லாமல் எல்லா ரோட்டுக்கும் அந்தச் சட்டம் அமலானது. இப்படிப்பட்ட நாடுகளிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

‘இதோ பக்கத்துலதான்’

கையேட்டின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மற்றதை மறந்தாலும் இந்த இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மணி ஆறே முக்கால். அடுப்பில் ரசம் கொதிக்கப் போகிறது. உள்ளேயிருந்து குரல் வரும்: “டேய், கொத்தமல்லி மறந்துட்டேன்டா. ஒரு கட்டு வாங்கிட்டு ஓடியா.” “வண்டி எடுத்துட்டுப் போறேம்மா.” “சரி, மெதுவாப் போ.” சாவி ஆணியில் இருக்கிறது. ஹெல்மெட் பீரோ மேல் இருக்கிறது. அதை எடுக்க ஸ்டூல் போட வேண்டும், கிளிப்பைக் கொட்ட வேண்டும். கடை இதோ பக்கத்துலதான். போகிற வழியில் நண்பன் ஏறிக்கொள்வான், அவனுக்கும் பக்கத்துலதான்.

செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போவதென்றால் இதே பையன் ஹெல்மெட் எடுத்துக்கொள்வான். அங்கே போலீஸ் நிற்கும், கேமரா இருக்கும். 2022 அக்டோபரில் புதிய அபராதம் அமலுக்கு வந்த பிறகு வெறுந்தலைக்கு ஆயிரம் ரூபாய், முன்பு நூறுதான். ஒரகடம் பக்கம் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் பழக்கம் உண்டு. ஹெல்மெட் இல்லாமல் கம்பெனி கேட்டுக்குள் வண்டி நுழையாது. ஆகவே கேட்டுக்கு முன்னால் மாட்டுவார்கள். திரும்பி வரும்போது பெரிய ரோடு முடிந்து ஊர் ரோடு தொடங்கியதும் கழற்றி மிரரில் மாட்டுவார்கள். ஊர் எல்லைக்குள் ஆபத்து வராமல் ஐயனார் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

ஐயனாரின் வேலைப் பளுவைக் கொஞ்சம் பார்க்கலாம். சாலவாக்கத்தைச் சுற்றி மதூர், சிறுதாமூர், பழவேரி, அருங்குன்றம் என்று எந்தப் பக்கம் போனாலும் கல்குவாரியும் கிரஷரும். திருமுக்கூடல் ரோட்டில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. தார்ப்பாய் போடாத டிப்பரிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிடி உதிர்கிறது. முக்கால் ஜல்லி நான்கைந்து சக்கரத்துக்கு அடியில் கிடந்தால் போதும், ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பிடியை விட்டுவிடும். எம்-சாண்ட் இன்னும் நைசானது. தார் ரோட்டில் மெல்லிய படலமாகக் கிடக்கும், பிரேக் பிடிக்கிற வரைக்கும் தெரியவே தெரியாது. முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தீர்கள் என்றால் வண்டி உங்களைக் கேட்காமலே படுத்துக்கொள்ளும். டிப்பருக்கு இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போவதும் நல்ல பயிற்சி. அங்கே நீங்கள் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. அவர் வேலையைக் கெடுக்காமல் இருந்தோம் என்ற திருப்தி கிடைக்கும்.

அறுப்புக் காலத்தில் இன்னொரு வசதி. ஏரிப் பாசன ஊர்களில் களம் போதாமல் நெல்லை ரோட்டிலேயே கொட்டிக் காய வைப்பார்கள். பாதி ரோடு நெல், மீதிப் பாதியில் போகிற வண்டியும் வருகிற வண்டியும். நெல்லின் மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளி மூட்டை கட்டுவார்கள். கல் அங்கேயே இருக்கும், நாளைக்கும் வேண்டுமல்லவா. தெருவிளக்கு இல்லாத இடத்தில், எதிரே வருகிறவன் லைட்டை டிம் பண்ணாமல் முகத்தில் அடிக்கும்போது, அந்தக் கல்லைக் கண்டுபிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். இதற்கிடையில் ரோட்டில் படுத்து அசைபோடும் மாடுகள். தார் ராத்திரியிலும் கதகதப்பாக இருக்கும், அதுகளுக்குத் தெரியும்.

கொத்தமல்லி வாங்கப் போகிற ரோடு இதுதான். கேமராவும் போலீஸும் நிற்கும் பெரிய ரோட்டில் நடுவே தடுப்புச் சுவர் உண்டு, விளக்கு உண்டு, ஜல்லியைக் கூட்டுகிறவர்கள்கூட உண்டு. ஆபத்து குறைந்த இடத்தில் ஹெல்மெட்டை மாட்டி, கூடிய இடத்தில் கழற்றுகிற இந்த முறையைக் கண்டுபிடித்தது யாரென்று தெரியவில்லை. ஆனால் ஊரே கடைப்பிடிக்கிறது.

“நான் ஸ்பீடா போகமாட்டேன்” என்று சிலர் சொல்வீர்கள். கணக்கு ஒன்று சொல்கிறேன், பிளஸ் ஒன் இயற்பியல்தான். வண்டியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்து, அந்த உயரத்திலிருந்து தலை தார் ரோட்டில் தடையில்லாமல் விழுந்தால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். வண்டியின் வேகம் சுழியம். மெதுவாகப் போகிறவருக்கும் இந்த இருபது இலவசம்.

முடி, வியர்வை, தூசி

போடாததற்குக் காரணம் கேட்பார்கள். தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முடி கொட்டும் என்பது எப்போதும் எடுபடும். சொல்கிறவருடைய அப்பாவின் வழுக்கையைக் கேட்கிறவர் பார்த்திருக்கக் கூடாது. வியர்க்கும் என்பது உண்மை. சித்திரை வெயிலில் வியர்க்கத்தான் செய்கிறது. உள்ளே ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் தீர்ந்துவிடும், அதனால் அதை யாரிடமும் சொல்லாதீர்கள். ஹாரன் கேட்காது என்பது டிப்பரின் ஏர் ஹாரனைக் கேட்டிராத ஊரில் சொல்ல வேண்டிய காரணம்.

கை நிறையச் செலவழித்துக் கட்டிங் போட்டு, பக்கவாட்டில் கோடு இழுத்து, ஜெல் தடவியிருக்கிறீர்கள். அதை மூடலாமா? கூடாது. கிரஷர் தூசி வெள்ளையாகப் படிந்து, வாலாஜாபாத் போய்ச் சேர்வதற்குள் இருபது வயதுத் தலை அறுபது வயதாகத் தெரிந்தாலும் கட்டிங் தெரிய வேண்டும். பெண்பிள்ளைகள் துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் கண் மட்டும் தெரிய இறுகச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். வெயிலிலிருந்தும் தூசியிலிருந்தும் காத்துக்கொள்ள இவ்வளவு அக்கறை. அதற்கு மேல் ஹெல்மெட் மட்டும் வேண்டாம்; மல்லிப்பூ நசுங்கும்.

பின்னால் உட்காருகிறவர்கள்

மூன்று பேர் போவது நட்பின் இலக்கணம். நடுவில் உட்காருகிறவனுக்கு ஹெல்மெட் வேண்டாம், முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கிறதே. ஓட்டுகிறவனிடம் ஹெல்மெட் இருந்தால் பின்னால் இருக்கும் அம்மாவிடம் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் கூடை என்று பிடிக்க எதுவும் இல்லாமல் வருவார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் யாரும் முறுக்கவுமில்லை, கட் அடிக்கவுமில்லை.

குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வாரும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி போட்டார்கள். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறை. அப்படிக் கட்டிக்கொண்டு போகிற அப்பாவை நம் பக்கத்தில் பார்த்தால் எனக்கும் காட்டுங்கள், ஒரு சால்வை போடலாம்.

செல்போனும் சாகசமும்

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது பழைய முறை, கழுத்து வலிக்கும். இப்போது வண்டியிலேயே ஸ்டாண்டு. மெசேஜ் வந்தால் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடும். மூன்று நொடி பார்த்தால் முப்பத்துமூன்று மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. மாடு அதற்குள்ளேயே படுத்திருக்கும்.

வீலிங் விரும்பிகளுக்கு நம் மாவட்டமே புண்ணிய பூமி. 2023 செப்டம்பரில் பாலுசெட்டிசத்திரம் பக்கம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், யூடியூபர் டி.டி.எஃப். வாசன் பெரிய பைக்கில் வீலிங் செய்து விழுந்தார். கைது, சிறை, பத்து வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து என்று ஆனது. விழுந்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வண்டி தூக்கி எறியப்பட்டு உருண்ட வேகத்துக்கு அவர் கை எலும்பு முறிவோடு பிழைத்தார். ஹெல்மெட்டும் முழுக் கவச உடையும் போட்டிருந்தார் என்பதை வீடியோவில் யாரும் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகள் அவரிடமிருந்து வீலிங்கை எடுத்துக்கொண்டார்கள். ஹெல்மெட்டை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

விழுந்த பிறகு

கையேட்டின்படி ஒழுங்காக நடந்துவந்தால் இந்தப் பகுதி ஒரு நாள் தேவைப்படும்.

மருத்துவ வசதியில் நம் பக்கம் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. டிப்பர் ஓடுகிற அதே ரோட்டின் கோடியில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். வீரராஜேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், அங்கே ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, நடந்தது. பதினைந்து படுக்கை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், இருப்பில் இருந்த மருந்துகளின் பட்டியல் எல்லாம் கல்லில் இருக்கிறது. மாட்டுவண்டி ஓடிய காலத்துக்குப் பதினைந்து படுக்கை தாராளம்.

இப்போதும் ஏற்பாடு உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பர் 18-ல் தொடங்கி வைத்தது நமக்குப் பக்கத்து மேல்மருவத்தூரில்தான். 108-க்குப் போன் பண்ணினால் வண்டி வரும். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவரைப் போலீஸ் சாட்சியாக அலைக்கழிக்க முடியாது. 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. இவ்வளவும் சரி. ஆனால் தலையில் அடி என்றால் தலைக்கு ஸ்கேன் எடுக்கவும் மண்டையைத் திறக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி அல்லது அதைத் தாண்டி. அது பக்கத்துலதான் இல்லை.

1935-ல் இங்கிலாந்தில் டி.இ. லாரன்ஸ், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று படமாகவும் வந்தாரே அவர், தன் மோட்டார் சைக்கிளில் போகும்போது முன்னால் சைக்கிளில் போன இரண்டு பையன்களைத் தவிர்க்க ஒடித்து விழுந்தார். தலையில் அடி, ஆறாம் நாள் இறந்தார். அவர் போய்க்கொண்டிருந்ததும் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கிராமத்து ரோடுதான். சிகிச்சைக்கு வந்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் மனம் பொறுக்காமல், மோட்டார் சைக்கிளில் ராணுவத் தபால் கொண்டுபோன வீரர்களின் மண்டைக் காயங்களை எண்ணி ஆராய்ந்து 1941-ல் எழுதினார். ஹெல்மெட் என்ற ஏற்பாட்டுக்கு அறிவியல் பின்புலம் கிடைத்தது அங்கிருந்துதான். பிறகு பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் தலைக்காயத்தை 69 விழுக்காடும் சாவை 42 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. மிச்சம் 58 இருக்கிறதே என்று வாதாட விரும்புகிறவர்கள் வாதாடலாம்.

நண்பர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போன திருவிழாவுக்கு எடுத்த போட்டோவை எடுத்து வைத்திருங்கள்: வண்டியில் சாய்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு, புதுக் கட்டிங்கோடு. பிளெக்ஸ் அடிக்கும்போது முடி நன்றாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் புறா, கீழே நண்பர்கள் பெயர், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். மழை வெயிலில் வெளுக்கிறவரை இருக்கும். பிறகு அதை எடுத்து யாராவது மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போடுவார்கள்.

அப்பா அம்மாவுக்கு

பையனுக்கான பாடம் முடிந்தது. மற்றவர்கள் இங்கிருந்து படித்தால் போதும், கேலியும் இங்கே கிடையாது.

முத்திரையும் பில்லும் உள்ள ஒரு ஹெல்மெட்டின் விலை ஏறக்குறைய ஒரு தடவை கட்டும் அபராதம்தான். இரண்டாக வாங்குங்கள், ஒன்று பின்னால் உட்காருகிறவருக்கு. கடையிலேயே போட்டு, வாரைப் பூட்டி, பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. பீரோ மேல் வைக்காதீர்கள். வண்டிச் சாவி தொங்கும் அதே ஆணியில் மாட்டுங்கள், ஹெல்மெட்டை எடுக்காமல் சாவியை எடுக்க முடியாதபடி. தெருமுனைக்குப் போனாலும் அப்பா முதலில் போட்டுக்கொள்ளட்டும். பையன் காதால் கேட்டுக் கற்பதில்லை, பார்த்துக் கற்கிறான். நெல் காய வைக்கிறவர்கள் மூட்டை கட்டியதும் கல்லையும் எடுத்து ஓரமாகப் போடுங்கள்.

பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அனுப்பினால்தான் கொத்தமல்லி வரும் என்றால், இன்றைக்குக் கொத்தமல்லி இல்லாமலே ரசம் வையுங்கள்.